தாடியின் நிறம்

பேராதனை
14.10.1982

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உங்கள் காய்ச்சல் விட்டதா? உம்மா ஒன்றும் விபரமாக எழுதவில்லை.

இங்கே விலங்கியல் வகுப்பில் கொள்ளைக்கார ஈக்களை இனம் பிரிக்கிறோம். மற்றப் பூச்சிகளைப் பறந்தே பிடித்துத் தின்னும் ஈக்கள் இவை. கண்களுக்கு நடுவே பள்ளம், முகத்தில் தாடி. தாடியின் நிறம்தான் முக்கியம். நேற்று ஓர் ஈக்கு, போன கிழமை பார்த்த ஞாபகத்தில் கறுப்புத் தாடி என்று எழுதிவிட்டேன். வகுப்பு எடுக்கும் சேர் லென்ஸைத் தந்து, "ஞாபகத்த எழுதாத பிள்ள, பாத்து எழுது" என்றார். பார்த்தால் வெள்ளை! எல்லோரும் சிரிக்க, நானும் சேர்ந்து சிரித்தேன்.

சோதனைக்குப் படிக்க இருந்ததால் பெருநாளுக்கும் வரக் கிடைக்கவில்லை. என் ஞாபகத்தில் உங்கள் தாடி கறுப்பு. படம் பிடிக்க நீங்கள் விடமாட்டீர்கள். தங்கச்சி நபீலாவிடம் சொல்லுங்கள், உங்களை வெயிலில் இருத்தி, பார்த்து எழுதட்டும்.

மகள் றாஹிலா