ஃபைனாவுக்கு வந்த உடைந்த கடிதம்

நொவசிபிர்ஸ்க், 7 பிப்ரவரி 1994, திங்கள்

மைனஸ் முப்பது. மின்னஞ்சல் கணினியின் திரைக்குக் காலையிலேயே பைத்தியம் பிடித்து, எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாகிவிட்டது. குத்துமதிப்பாகக் கட்டளை அடித்துத் தெளியவைத்தேன்.

வெளிநாட்டுக் கடிதங்கள் இன்னும் உடைந்துதான் வருகின்றன. வழியில் ஏதோ ஒரு கணினி ரஷ்ய எழுத்துகளை இங்கிலீஷ் எழுத்துகளாக்கிவிடுகிறது. நான் திருப்பி ரஷ்ய எழுத்தாக்கி அச்செடுத்துக் கொடுக்கிறேன். பழகிவிட்டது, உடைந்ததையே படிக்க வருகிறது. ஆக, இந்த ஆய்வுக் கழகத்தில் எல்லோர் கடிதத்தையும் முதலில் படிப்பவள் நான். பிடிக்கவில்லை. ஆனாலும் படிக்கிறேன்.

9, புதன்

தாவரவியல் பிரிவு ஃபைனா மார்க்கொவ்னாவுக்கு டொரான்டோவிலிருந்து கணவர் கெர்மனின் கடிதம். போய் ஒரு வருஷமாகிறது. இனி திரும்பப்போவதில்லையாம். அங்கே ஒருத்தி இருக்கிறாளாம். விவாகரத்துக்குச் சம்மதமா என்று கேட்கிறார்.

ஃபைனா என் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“வந்துருச்சா ரிம்மா?”

“ரொம்பச் சிதைஞ்சு போச்சு. மறுபடி அனுப்பச் சொல்றேன்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

11

கேட்டாள். வரவில்லை என்றேன்.

14

இன்றும்.

16, புதன்

கெர்மனின் இன்னொரு கடிதம். “பதிலே இல்லை. உன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?”

ஐயோ. அவளுக்காகச் சம்மதிக்க நான் யார்? இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரக்கமா அது? எதிர்ல உக்காந்து அழுவாளே, நான் என்ன பண்ணுவேன்னு பயம். அவ்வளவுதான்.

17, வியாழன்

இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மேலே இருந்த தாளை ஃபைனா கையால் தள்ளினாள்.

“இதை அன்னிக்கே உன் தோளுக்கு மேல படிச்சுட்டேன். ஒரு வருஷமா அங்கேயே நிக்கிறேன், எனக்கு மட்டும் படிக்க வராதா?”

“அப்புறம் ஏன் வந்து வந்து கேட்டீங்க?”

“நீ வரலைன்னு சொல்றப்ப, நிஜமாவே வராத மாதிரி இருந்துச்சு.” கையை நீட்டினாள். “சரி, அடுத்ததைக் குடு.”

படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

“மௌனமாம், சம்மதமாம்! மூஞ்சியைப் பாரு!”

நான் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அழுதது நான்தான்.

18, வெள்ளி

காலையில் கீழே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். “நீ அந்தப் பக்கம் திரும்பு.” திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விசைகளை அடித்து நொறுக்கினாள். பிறகு, “போயிருச்சு” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

அவள் பதிலின் நகல் இந்தக் கணினியில்தான் இருக்கிறது. திறக்கவில்லை.