பதினேழுக்குச் சொன்ன உள்ளேன்

ஜனவரி 4

அன்புள்ள பதினேழுக்கு,

பதினெட்டு எழுதிக்கொள்வது. ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. துறைத் தலைவர் ஆனதும் பழைய பெஞ்சுக்காரி மறந்துபோனாளா என்று சண்டை போடத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

நம் வகுப்பின் முப்பதாம் ஆண்டுக் கூடலுக்கு மலர் போடும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நான்கு கட்டம்: வேலை, குடும்பம், போய்வந்த இடங்கள், கல்லூரி நினைவு ஒன்று. கையால் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும், கையெழுத்தே அப்படியே அச்சாகும். பெயருக்குப் பதிலாக வருகைப் பதிவேட்டு எண்தான். நம் நில அளவை சாருக்கு யார் பெயர் தெரிந்தது? நான்கு வருடமும் தலை நிமிராமல் எண்ணைத்தானே கூப்பிட்டார்.

வந்த பக்கங்களைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மாடிப்படியில் கைப்பிடியை விடாத நான்காம் எண் பாலம் கட்டுகிறானாம். கல்யாணம் செய்துகொண்ட இருபத்திரண்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் மூன்று பெண்கள்; அவர்களையும் எண் சொல்லித்தான் கூப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். முப்பத்தொன்று பதினாறு நாடு சுற்றிவிட்டு, ‘எங்குமே வடிகால் சரியில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

என் பாடு தெரிந்ததுதான். வீட்டு முன்னறையில் கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கிறேன். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து பூதக்கண்ணாடியோடு வந்து என் கோடுகளில் குற்றம் கண்டுபிடிக்கிறார். பெரியவன் கடல் தாண்டிப் போய்விட்டான், சின்னவன் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வீட்டில் இருக்கிறான்.

ஒரு செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். பத்தொன்பது கிடைத்துவிட்டான்! கடைசி வருடம், கோணம் அளக்கும் தியோடலைட்டை உடைத்ததாக ஒரு வருடம் தள்ளி வைத்தார்களே, அதற்குப் பிறகு திரும்பியே வராத அதே ஆள். நில அளவைக் கருவி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் படிவம் அனுப்பியிருக்கிறேன்.

உன் பக்கத்தைச் சீக்கிரம் அனுப்பு.

உன்
பதினெட்டு


ஜனவரி 15

அன்புள்ள பதினெட்டுக்கு,

திட்டு வாங்கவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துத் தொலைத்தேன். கோப்போடு வந்த உதவிப் பேராசிரியர், நான் சிரிப்பதைப் பார்த்து மிரண்டு வெளியே போய்விட்டார். இங்கே நான் சிரிக்கும் வழக்கம் இல்லை.

என் பக்கத்தை இணைத்திருக்கிறேன். நினைவுக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன், எதை எழுதுவது என்று தோன்றவில்லை. மகள் இரண்டாம் வருடம், நாம் படித்த அதே படிப்பு. ‘அம்மா, பசங்க இன்னும் எங்களைக் குறிப்பு எழுதத்தான் விடறாங்க, கருவியைத் தொடவே விடறதில்ல’ என்று புலம்புகிறாள். முப்பது வருடத்தில் இது மட்டும் மாறவில்லை, பார்.

வெளியே சொல்லாதே, அடுத்த மாதம் என்னை முதல்வராக்கப் போவதாகப் பேச்சு. நிர்வாகக் குழு கூட வேண்டும். பிள்ளைகளை விசாரிக்கும் ஒழுங்குக் குழுவில் ஏழு வருடம் கறாராக இருந்தேன் என்பதுதான் எனக்குப் பெரிய சிபாரிசாம்.

பத்தொன்பது விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். பாவம், அவனை ஏன் இதில் இழுக்கிறாய்? பட்டம் வாங்காதவனை வாங்கியவர்கள் நடுவில் உட்கார வைத்தால் அவனுக்குத்தான் சங்கடம். அந்த முக்காலி ஸ்டாண்டுக்கு ஒரு கால் திருகு நிற்கவே நிற்காது; கருவி ஸ்டாண்டோடு சரிந்ததற்கு யார்தான் என்ன செய்ய முடியும்? ஆறிப்போன புண், விட்டுவிடு.

உன் வீட்டுப் பூதக்கண்ணாடியாரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
பதினேழு


ஜனவரி 22

அன்புள்ள பதினேழுக்கு,

உன் பக்கம் கிடைத்தது. அதே நாளில் பத்தொன்பதின் பக்கமும் வந்தது.

வேலை: கருவி பழுது. குடும்பம்: மனைவி, ஒரு மகன், அம்மா நான்கு வருடம் முன்பு காலமானார். போய்வந்த இடங்கள்: கருவி கெட்டுப்போன இடமெல்லாம். நினைவுக் கட்டத்தில் ஒரே வரி: ‘தியோடலைட்டை நான் உடைக்கவில்லை.’

கீழே ஒரு குறிப்பும் வைத்திருக்கிறான். இந்த வரியைப் போடுவதென்றால் பக்கத்தைப் போடு, இல்லையென்றால் பக்கமே வேண்டாம் என்று.

மூன்று நாளாக அந்த வரியும் உன் கடிதமும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். விசாரணையில் என்ன சொன்னார்கள்? கருவி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது, வெளியே எடுக்கும்போது கை நழுவியிருக்கிறது என்றார்கள். காலையில் அதற்குக் கையெழுத்துப் போட்டவன் பத்தொன்பது, மத்தியானம் வகுப்புக்கு வராதவனும் அவன் ஒருவன்தான், ஆகவே அவன்தான் என்றார்கள். ஸ்டாண்டு மூலையில் மடித்துச் சாத்தியிருந்தது. அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

ஸ்டாண்டோடு சரிந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்?

அன்று மத்தியானம் உனக்குப் பல்வலி. பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். நிமிராத சார் ‘பதினேழு’ என்றதும் குரலை மெலிதாக்கி ‘உள்ளேன் சார்’ என்றவள் நான். அடுத்த மூச்சில் என் சொந்தக் குரலில் பதினெட்டுக்கும் சொன்னேன். பதிவேட்டில் நீ வகுப்பில் இருந்தாய். அதனால் உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதில் போடு.

பதினெட்டு


ஜனவரி 27

மதிப்பிற்குரிய மலர்ப் பொறுப்பாளருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பது வருடம் முன்பு யாரோ சொல்லிக் கேட்டதை, இடமும் வலமும் மாற்றி எழுதிவிட்டேன். அதற்கு ஒரு விசாரணைக் கமிஷனா? பத்தொன்பதாம் எண்ணின் பக்கத்தைச் சேர்ப்பது முறையல்ல என்பது என் கருத்து. கல்லூரி எடுத்த முடிவை மலர் மாற்ற முடியாது.

இவ்வளவு எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

உனக்கு என்னடி வேண்டும்? பிப்ரவரி இருபதாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. இருபத்தாறு வருடம் உழைத்து இந்த நாற்காலி வரை வந்திருக்கிறேன். இப்போது பார்த்து நீ பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாய். உன் கல்யாணப் பேச்சு நடந்த மாதம் உனக்காக நான் எத்தனை உள்ளேன் சொன்னேன், கணக்கு இருக்கிறதா? பத்தொன்பதை விசாரித்த அன்று நீயும் என் பக்கத்தில்தான் நின்றாய். எனக்குப் பல்வலி இல்லை என்பது உனக்குத் தெரியவே தெரியாதா? என் கண்ணைப் பார்த்துச் சொல்வாயா?

அந்த வரியை எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

பதினேழு


பிப்ரவரி 3

அன்புள்ள பதினேழுக்கு,

தெரியும்.

அன்று சாயங்காலம் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து, பல்வலிக்காரி, வறுத்த வேர்க்கடலையை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாய். பார்த்தேன், கேட்கவில்லை. மறுநாள் பத்தொன்பது ‘நான் இல்ல சார், நான் இல்ல சார்’ என்று நின்றபோதும் மென்று விழுங்கினேன். வாயைத் திறந்தால் பொய் உள்ளேன் சொன்னதற்கு நம் இருவரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தப் பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. அவன் ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வரவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பற்றி நாம் பேசியதே இல்லை என்பதைக் கவனித்தாயா? முப்பது வருடக் கடிதங்களை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒரு வரி கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவன் வரி அச்சாகும். என் பக்கத்தில் நினைவுக் கட்டத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன்: ‘தியோடலைட் உடைந்த மத்தியானம், வகுப்பில் இல்லாத ஒருத்திக்கு நான் உள்ளேன் சொன்னேன். விசாரணையில் அதைச் சொல்லவில்லை.’ உன் எண்ணை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் பாடு.

உன் பக்கத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. பாசமும் போய்த் தொலையவில்லை. ஆனால் இனிமேல் உனக்காக நான் குரல் கொடுக்க மாட்டேன்.

பதினெட்டு


பிப்ரவரி 16

அன்புள்ள பதினெட்டுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். இரண்டு பேருந்து மாறிப் பத்தொன்பதின் கடைக்குப் போனேன்.

ஒரு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு ஆள் நிற்கிற இடம். அலமாரி முழுக்கக் கருவிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி ஒரு சீட்டு. வாடிக்கையாளர் என்று நினைத்து, “வாங்க மேடம், என்ன ரிப்பேர்?” என்றான். முடியெல்லாம் கொட்டிவிட்டது. “பதினேழு” என்றேன். ஒரு நிமிடம் பார்த்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காரு. இதை முடிச்சிட்டு வர்றேன்” என்றான். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தான். தெரிந்தேதான் செய்கிறான் என்று புரிந்தது. உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சொன்னேன். செய்முறைத் தேர்வுக்கு எட்டு நாள்தான் இருந்தது, பசங்கள் ஒரு நாள் கூட என் கையில் கருவியைக் கொடுக்கவில்லை, தொடாமலே எப்படித் தேர்வு எழுதுவது என்று பயந்தேன். கருவி அறைச் சாவி ஆணியில் தொங்கியது, தனியாகப் பழகிப் பார்க்கப் போனேன். எப்படியோ கருவியைச் சமப்படுத்தினேன். மட்டம் காட்டும் குமிழி நடுவில் வந்து நின்ற சந்தோஷத்தில் சட்டென்று திரும்பினேன், கால் ஸ்டாண்டில் பட்டது. திருகு நழுவி மொத்தமும் சரிந்தது. ஸ்டாண்டை மட்டும் கழற்றி மடித்து மூலையில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். இவ்வளவையும் உன்னிடம் சொல்லாமல் முதலில் அவனிடம் சொன்னேன்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, “குமிழி நடுவுல நின்னுச்சா?” என்றான். “நின்னுச்சு” என்றேன். “என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே” என்றான்.

அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். “எங்கம்மா நல்லவங்க. ஒரு நாள் கூடத் திட்டல. ‘உடைச்சா என்னடா, வேணும்னா செஞ்சே’ன்னு கடைசி வரைக்கும் ஆறுதல் சொன்னாங்க. நான் உடைக்கலைன்னு மட்டும் அவங்க நம்பவே இல்ல. நாலு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா நீ?”

நடுக்கடையில் உட்கார்ந்து அழுதேன். அவன் தண்ணீர் கொடுத்தான், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது, “கூடலுக்கு வர்றதா இல்ல. புத்தகத்தை மட்டும் அனுப்பச் சொல்லு. பையனுக்குக் காட்டணும்” என்றான்.

நேற்று நிர்வாகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அவர்கள் முடிவு. மகளிடமும் சொன்னேன். ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காலை, “சரிம்மா, சாப்பிடு” என்றாள்.

உன் பக்கத்தில் ‘ஒருத்திக்கு’ என்பதை அடித்துவிட்டு ‘பதினேழுக்கு’ என்று போடு. உன் வரியை எடுத்துவிடாதே, அது உன்னுடையது. நீ கடலையைப் பார்த்த அன்றே கேட்டிருக்கலாம் என்று எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது. நேரில் வந்து போட்டுக்கொள்கிறேன் அந்தச் சண்டையை, கதவைத் திற.

என் பக்கத்தின் காலிக் கட்டத்தில் ஒட்ட வேண்டிய துண்டு இதோடு இருக்கிறது. அதில் எழுதியிருப்பது: ‘அன்று மத்தியானம் நான் வகுப்பில் இல்லை. கருவி அறையில் இருந்தேன். உடைத்தது நான்.’

உள்ளேன்,
பதினேழு