அப்பாவின் களிம்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் காலையிலிருந்து அடுப்புக்கு முன்னால் நின்ற முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். இரண்டு வேளை சாப்பிடுகிறாள், மூன்று வேளை என்னைத் திட்டுகிறாள்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாது. இரண்டு வார்த்தை சொல்வதற்குள் சிரித்து மழுப்புவாய், சிக்னல் இல்லை என்பாய், பின்னால் லாரி ஹாரன் அடிக்கும். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம். நீ அதற்கும் சோம்பேறி என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் பேச்சுவாக்கில் ஒன்று கேட்டாய். "அப்பா போடுவாரே, அந்தக் களிம்பு பேரு என்னக்கா?" என்றாய். எதற்கு என்று கேட்டேன். இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது, வலி ஒன்றும் இல்லை, உட்கார்ந்தே ஓட்டுகிற சூடு, நம் குடும்பச் சொத்து கடைசியில் என் பங்குக்கும் வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்தச் சொத்தை நினைத்துப் பார். அப்பாவுக்கு மூலம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவரே பேர் வைத்துக்கொண்டார். பஸ் டிப்போவில் டிரைவர்கள் எல்லோரும் அதே களிம்பைத்தான் போட்டார்கள். இருபது வருஷம் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு மூலம் வராமல் மூக்கிலா வரும் என்று பேசிக்கொள்வார்கள். மருந்துக்கடைக்காரர் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே பற்பசையும் அந்த டியூபும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நீ ஒரு நாள் அவசரத்தில் மாற்றி எடுத்துப் பல் தேய்த்தாயே, மறந்திருக்க மாட்டாய்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாலு மாதமாக எனக்கு நெஞ்செரிச்சல். முந்நூறு பேருக்குச் சமைக்கிற கேண்டீனில் நேரத்துக்குச் சாப்பிடாத ஒரே ஆள் நான்தான். பாத்திரம் கழுவுகிற அக்கா என் அவஸ்தையைப் பார்க்கச் சகிக்காமல், பெரிய ஆஸ்பத்திரியில் வயிறு, குடலுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று சொல்லி அழைத்துப் போனாள். அந்த டாக்டர் என் எரிச்சலைப் பற்றி இரண்டு நிமிஷம் கேட்டார். குடும்பத்தைப் பற்றி இருபது நிமிஷம் கேட்டார். அப்பா எதில் போனார் என்றார். குடல் புண் என்றேன். எந்த ஆஸ்பத்திரி, என்ன ஆபரேஷன், பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்றார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தடவை எடுத்துக்கொண்டு போனேன்.

அதைப் படித்துவிட்டுப் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு அந்தப் பக்கம் ஒரு தொந்தரவும் இல்லையே என்றேன். "ஒண்ணும் இல்லாதப்பவே பாக்கறதுக்குத்தாம்மா இந்த டெஸ்ட்டு" என்றார்.

இதில் நான் செய்த கூத்தைக் கேள். மூன்று நாள் முன்னாலிருந்தே விதை, தோல், கீரை ஆகாது. முதல் நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். சாயங்காலம் ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்து லிட்டர் கணக்கில் குடித்து, குடலைக் கழுவிய பாத்திரம் மாதிரி ஆக்கிவிட வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் முதல் நாள் லீவு கிடைக்கவில்லை, வேலைக்குப் போனேன். மறுநாள் குழாய் உள்ளே போனதும், டாக்டர் பார்த்தது குடலை இல்லை. அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்த தக்காளி விதையையும் கீரைத் துணுக்கையும். நிறுத்திவிட்டார். கண் விழித்ததும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சத்தியமாக ஒன்றும் சாப்பிடவில்லை என்று அழாத குறையாகச் சொன்னேன். பாத்திரக்கார அக்கா பக்கத்திலிருந்து மெதுவாக, உப்புப் பார்த்தியே என்றாள். ஆமாம். ஒவ்வொரு அண்டாவுக்கும் ஒரு கரண்டி. கை அதுபாட்டுக்கு நாக்குக்குப் போய்விடுகிறது. ருசி பார்த்தது சாப்பாட்டில் சேருமா என்றேன். "அந்த வித்தியாசம் உங்க குடலுக்குத் தெரியாதும்மா" என்றார் டாக்டர். மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை வீட்டிலேயே கிடந்தேன். அம்மா அடுப்புப் பக்கமே விடவில்லை.

இரண்டாம் தடவை சுத்தமாகத் தெரிந்தது. பட்டாணி அளவில் ஒன்று, அதைவிடச் சின்னதாக ஒன்று, இரண்டு சதை முளைத்திருந்தன. அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். மயக்கத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கூடப் பிறந்தவர்கள் என்று எனக்கு ஊர்வலமா இருக்கிறது? நீ ஒருத்தன்தான்.

அதனால் போய்ப் பார். களிம்பெல்லாம் அப்புறம். உன் வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு. அலுப்பாக இருக்கிறது, படுக்கிறேன்.

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தி வந்தது. "உனக்கு வயசாச்சுக்கா, எனக்கு மூலம்தான். இந்த சீசன்ல இன்னும் மூணு ட்ரிப் இருக்கு. களிம்பு பேரைச் சொல்லு" என்று அனுப்பியிருந்தாய். கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று. 

இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கு அனுப்பவில்லை. உன் கம்பெனி ஆபீசுக்கு அனுப்புகிறேன். நீ மட்டும் முதலில் படிக்க வேண்டும். லாரியை நிறுத்திவிட்டுப் படி.

அப்பாவுக்கு மூலம் இல்லை. குடல் புண்ணும் இல்லை. பெருங்குடலில் புற்றுநோய். பதின்மூன்று வருஷமாக நான் உன்னிடம் சொன்னது பொய்.

ஆபரேஷன் முடிந்து சர்ஜன் வெளியே வந்தபோது நான் மட்டும்தான் இருந்தேன். நீ மண்டபத்துக்குப் பேசப் போயிருந்தாய். உன் கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. அழுக்குத் துணி வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்னார். பிந்தி வந்திருக்கிறீர்கள், மூன்று வருஷமாக ரத்தம் போயிருக்கிறது, களிம்பு போட்டு நாளைக் கடத்தியிருக்கிறார் என்றார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கே பெண்ணின் மாமா போனில் விசாரித்தார். சம்பந்திக்கு என்னவாம் என்றார். அந்தப் பேரைச் சொன்னால் கல்யாணம் நிற்கும், பரம்பரை என்பார்கள், நீ உடைந்து போவாய். குடல் புண், அறுத்து எடுத்தாயிற்று என்றேன். வாய் தானாகச் சொன்னது. கல்யாணம் முடிந்ததும் உனக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் நீ கடல் தாண்டி வேலைக்குக் கிளம்பினாய். அப்புறம் அப்பா போய்ச் சேர்ந்தார். அப்புறம் பாப்பா பிறந்தாள். ஒவ்வொரு வருஷமும் சொல்வது அதற்கு முந்தின வருஷத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் செய்தேன். சமையற்காரி இல்லையா, நன்றாகவே மறைத்துவிட்டேன்.

இதோடு போகவில்லை. சர்ஜன் ஆபரேஷன் காகிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார். பிள்ளைகள் நாற்பது வயதில் கட்டாயம் பெருங்குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று. அதை நாலாக மடித்துப் பீரோவில் புடவைகளுக்குக் கீழே விரித்திருந்த பேப்பருக்கு அடியில் வைத்தேன். அப்போது உனக்கு இருபத்தெட்டு வயது. இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் காகிதத்தை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். என் நாற்பது வந்து போனது. உன் நாற்பதும் போன வருஷம் வந்து போனது. உன் பிறந்த நாளுக்குப் போன் செய்து பாட்டியாகிவிட்டேன் தாத்தாவாகிவிட்டாய் என்று கேலி பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை.

என் சோதனை முடிவு வந்துவிட்டது. பெரிய சதை, விட்டு வைத்திருந்தால் சில வருஷத்தில் புற்றாக மாறக்கூடிய வகை. இப்போது ஒன்றும் இல்லை, முழுசாக எடுத்தாயிற்று, மூன்று வருஷம் கழித்துத் திரும்ப வந்தால் போதும் என்றார் டாக்டர். நான் எழுந்து வரப் பார்த்தேன். அவர் அப்பாவின் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபடி, "உங்க அப்பாவுக்கும் ஒரு காலத்துல இது இவ்ளோதான் இருந்திருக்கும்" என்றார். அங்கேயே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பட்டாணி அளவு, தம்பி. நான் தினம் ஒரு மூட்டை உரிக்கிறேன்.

உன் ரத்தத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். மூலமாகவும் இருக்கலாம், பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் குடும்பத்தில் பார்க்காமல் இருக்கக் கூடாது, ட்ரிப்பெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் குடல் புண் என்றுதானே சொல்லி வைத்திருந்தேன்! காகிதத்தை மறைக்கப் போனேன். அவள் நிமிரக்கூட இல்லை. "எனக்குத் தெரியும்டி. அவரு துணியத் தொவச்சவ நான்தானே. நீ சொல்லலேன்னு நானும் கேக்கல. அவரை மாதிரி தம்பியையும் போக விட்டுடாதே" என்றாள்.   ஒரே வீட்டில் ஒருத்தரிடம் ஒருத்தர் பதின்மூன்று வருஷம் மறைத்திருக்கிறோம். இதில் யாருக்கு என்ன லாபம் என்று யோசித்தால் எனக்கே தலை சுற்றுகிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காகிதத்தின் நகலை இதில் வைத்திருக்கிறேன். அங்கே குடல் டாக்டரிடம் இதைக் கொடு. மூலம் என்று வாயைத் திறக்காதே. ரத்தம் போகிறது, அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயதில் இது வந்தது, அக்காவுக்கு இரண்டு சதை எடுத்தார்கள் என்று மட்டும் சொல். பொடி குடிக்கிற அன்று வண்டியில் ஏறிவிடாதே, அந்த அவசரத்துக்கு நெடுஞ்சாலையில் எங்கும் இடம் கிடைக்காது. மறுநாள் மயக்க மருந்து கொடுப்பார்கள், அன்றைக்கும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. கூட ஒருத்தர் வர வேண்டும். உன் வீட்டுக்காரியை அழைத்துப் போ.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. கோபப்படுவாள், படட்டும். ஏமாற்றியது நீ இல்லை, நான் என்று சொல். என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும். பாப்பா பெரியவளாகி ஒரு நாள் டாக்டருக்கு முன்னால் உட்காருவாள். தாத்தா எதில் போனார் என்று கேட்பார்கள். அவளும் குடல் புண் என்று சொல்ல வேண்டாம். களிம்பு கைமாறிய மாதிரி என் பொய்யும் கைமாற வேண்டாம்.

நான் களைத்துப் போயிருக்கிறேன், தம்பி. அப்பாவைப் பதினொரு மாதம் பார்த்துக்கொண்டேன். மலம் சேர வயிற்றில் ஒட்டியிருந்த பையை மாற்றிக் கழுவிய கையோடுதான் கேண்டீனுக்குப் போவேன். எத்தனை சோப்புப் போட்டாலும் போதவில்லை என்று தோன்றும். இன்னொரு தடவை என்னால் முடியாது என்று எழுத நினைத்தேன். அது உண்மை இல்லை. உனக்கு என்றால் செய்வேன், கடலைத் தாண்டி வந்தாவது செய்வேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைச் செய்ய வைக்காதே.

களிம்பின் பேர் கேட்டாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எழுத மாட்டேன். உள்ளே பார்த்துவிட்டு அந்த டாக்டர் இது வெறும் மூலம்தான் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதைப் படம் பிடித்து அனுப்பு. அந்தக் களிம்பை ஒரு பெட்டி நிறைய வாங்கி, நானே கட்டி அனுப்புகிறேன்.

எந்த அக்காவும் தம்பியை இப்படி வாழ்த்தியிருக்க மாட்டாள். நான் வாழ்த்துகிறேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சொல்கிறாள். உனக்கு மூலமாகவே இருக்கட்டும், என் ராஜா.

உன் அக்கா