ஸ்டெப் எழுதாத என் தம்பிக்கு

அன்புள்ள முருகேசா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உன் முதல் திதி வரப்போகிறது. வருகிறவர்கள் எல்லோரும், "இன்ஜின் சத்தத்தக் கேட்டே பழுதச் சொல்லிடுவாரு, அந்த மூளை யாருக்கு வரும்?" என்பார்கள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் உன்னோடு சண்டை போட்டுத் தீர்த்துவிடுகிறேன்.

நான் கணக்கு டீச்சராக இருந்தபோது வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது உன்னைப்போல வந்து சேரும். கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடும். ஸ்டெப் எழுது என்றால், "தெரிஞ்சத எதுக்கு டீச்சர் எழுதணும்?" என்று முகத்தைச் சுளிக்கும். விடை சரியாக இருக்கும்வரை தொல்லை இல்லை. தப்பாகும் நாளில் எந்த வரியில் வழுக்கியது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதிய பிள்ளையைத் திருத்திவிடலாம். எழுதாத பிள்ளையை என்ன செய்வது?

கடல் தாண்டி மெயின்லேண்டில் உனக்குப் படகு இன்ஜின் டிரைவர் பரீட்சை வந்ததே, நினைவிருக்கிறதா? சீக்கிரம் கிளம்புடா என்று நான் கத்தக் கத்த, "ஜஹாஜ் என்னைக்குக்கா டைமுக்குக் கிளம்பிச்சு? ஆராமா போலாம்" என்றாய். அன்றைக்கென்று கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது. கப்பல் துறைக்காக அக்கரைச் சாத்தம் போகும் படகில் நின்றபடி அதன் முதுகைப் பார்த்தாய். அதையும் ஒரு கதையாக்கி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

டாக்டர் தினமும் போடச் சொன்ன பிரஷர் மாத்திரையை, ஏறுகிறது என்று உனக்குத் தோன்றினால்தான் போட்டாய். "இன்ஜின்ல பிரஷர் ஏறினா தெரியற எனக்கு, என் உடம்புல ஏறினா தெரியாதாக்கா?" நாங்களும் நம்பினோம். உன் காது பொய் சொல்லி யார் பார்த்தது? ஒரு தடவைதான் தப்பாகக் கணித்தாய். அதைத் திருத்த யாருக்கும் நேரம் வைக்கவில்லை நீ.

சரி, ஊர்ச் செய்தி கேள். உன் மகள் கயலுக்குச் சென்னையில் மரைன் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. போன வாரம் கப்பல் ஏறினாள். அதற்கு முதல் நாள் சாயங்காலம், காலையில் முதல் படகைப் பிடித்துவிட வேண்டும் என்று சொன்னேன். அவள் பெட்டியில் துணியைத் திணித்துக்கொண்டே சொல்கிறாள்: "ஜஹாஜ் என்னைக்கு அத்தை டைமுக்குக் கிளம்பிச்சு?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். "உங்கப்பன் பேச்ச இந்த வீட்ல பேசாத!" என்று கத்தினேன். உன் மனைவி மல்லிகா உள்ளே போய்விட்டாள். காலையிலும் வாசலோடு நின்றுவிட்டாள். நான்தான் கூடப் போனேன்.

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் சாத்தம் படகில் ஏறப்போகிற நேரம், கயல் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்படியே நீ. "அத்தை, இதுல ஏற வேணாம். இன்ஜின் சத்தம் சரியில்ல."

கயிறு பிடிக்கிறவர் சிரித்தார். "அரே பேட்டி, பொண்ணே, தினம் ஓடற போட்டு இது. குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது, ஏறு ஏறு!"

அவள் நகரவில்லை. பத்து நிமிடத்தில் தாண்டுகிற தண்ணீருக்குப் பதிலாக, ஒரு ஜீப்பைப் பேசிப் பெரார்கஞ்ச் வழியாகத் தீவையே சுற்றினோம். என் இடுப்பு கழன்றுவிட்டது. கராச்சர்மா தாண்டும்போது, ஜெட்டியில் விசாரித்துவிட்டு மல்லிகா போன் செய்தாள். அந்தப் படகு அப்போதே சாத்தம் போய், ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டதாம்!

கயலின் முகம் சுருங்கிப்போனது. கொஞ்ச தூரம் போனபின், "தப்பாக் கேட்டுட்டேன் அத்தை" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன், முருகேசா? அவளைத் திட்டத் தோன்றவில்லை. "கேட்டா என்னடி? தப்பாகறதுக்கும் சேர்த்துத்தானே சீக்கிரம் கிளம்பினோம்" என்றேன்.

கப்பல் நிற்கும் வார்ஃபுக்குப் போனால், கப்பல் மூன்று மணி நேரம் லேட். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அவள் உனக்கும் சேர்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, அப்பா சொன்னது பக்கா!" எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. உன் விடை பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறதே, அதுதான் என் எரிச்சலே.

அப்போது அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அத்தை, காலைல பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

போடவில்லை. எனக்கும் தினமும் அதே மாத்திரைதான்; அவளை விரட்டிய அவசரத்தில் மறந்துவிட்டேன்.

தன் பையின் முன்பக்க ஜிப்பைத் திறந்து, ஒரு மாத்திரை அட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தாள். "நீங்க மறப்பீங்கன்னு தெரியும்." விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள். "வாயத் திறங்க, பாக்கணும்" என்றாள். வார்ஃப் கூட்டத்துக்கு நடுவில், ஊருக்கே டைம்டேபிள் போட்ட நான் வாயைத் திறந்து காட்டினேன்.

இதை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை. நீ போடாத மாத்திரைதான் சொல்லித்தந்திருக்கிறது. இந்த ஒரு பாடத்துக்கு நீ போகத்தான் வேண்டுமாடா? உயிரோடிருந்து, தினம் ஒரு மாத்திரை விழுங்கிக் காட்டியிருக்கக் கூடாதா?

போய்ச் சேர்ந்ததிலிருந்து தினமும் காலையில் போன் செய்கிறாள். எடுத்ததும் அதே கேள்விதான். அவள் கேட்பதற்கு முன்பே போட்டிருப்பேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. திதியன்று உன் படத்துக்கு முன்னால் நின்றே மாத்திரையைப் போடுகிறேன், பார்த்துக்கொள்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அக்கா