படங்கள் காணாமல் போன மூன்று நாள்

அன்பு வாலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது, அது பழைய கதை. நீ எப்படி இருக்கிறாய் என்று விவரமாக எழுது, போனில் நீ சொல்லும் "நல்லாத்தாம்மா இருக்கேன்" கணக்கில் சேராது, காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதும் இதே குரலில்தான் அதைச் சொன்னாய். உனக்குத் தைத்த இரண்டு மேல்சட்டைகளுக்கு நடுவில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன், பார்சல் எட்டு நாளில் வந்து சேருமாம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே "ஐயோ, என்னம்மா பண்ணித் தொலைச்சே" என்று குறுக்கே விழுவாய், கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிவு நல்ல முடிவு, பயப்படாமல் படி.

அந்த ஆய்வுக்கூட வேலையைப் பற்றிச் சொன்னாயே, இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருக்க வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று, அப்போது கடைசியில் ஒன்று சொன்னாய், "வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன், நான் இல்லாம உங்க ரெண்டு பேருக்கும் அந்த சர்வரைக்கூடப் பாத்துக்கத் தெரியாது" என்று. நீ விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, எனக்குச் சுருக்கென்றது. அப்பாவோ முப்பத்தோரு வருடம் பேருந்துப் பணிமனையில் எஞ்சினைப் பிரித்து மாட்டிய மனிதர், நம் படங்களுக்காக நீ அலமாரி மேல் வைத்துவிட்டுப் போன உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று தன் மகளின் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது என்றால் அவருக்கு எப்படி இருக்கும். அந்த நேரம் பார்த்து, சரியாக நாலாம் நாள், சர்வர் படுத்துவிட்டது.

தைத்துக்கொண்டே பழைய குடும்பப் படங்களைப் பார்க்கலாம் என்று மெஷின் பக்கத்தில் இருக்கும் டேப்லெட்டைத் திறந்தால், நம் படங்கள் ஒன்றையும் காணோம், வரவேற்கிறோம், புதிய கணக்கைத் தொடங்குங்கள் என்று யாரோ முன்பின் தெரியாதவர்களை அழைப்பது போல ஒரு வெள்ளைப் பக்கம். குழாய் உடைந்து ஆல்பங்கள் ஊறிப்போனதற்குப் பிறகு, மிஞ்சியதையெல்லாம் நீ உட்கார்ந்து ஏற்றினாயே, அந்தப் பதினோராயிரம் படமும் சர்வரோடு ஒயரில் மாட்டியிருக்கும் அந்த ஒரு டிஸ்கில்தான். "ஐயோ, எல்லாம் போச்சே" என்று அப்பாவைக் கூப்பிட்டேன். அன்று காலையில்தான் அப்பா அலமாரி மேல் தூசி தட்டிப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார், உடனே ஓடிப் பார்த்துவிட்டு "டிஸ்க்ல விளக்கு எரியுது, அதெல்லாம் உயிரோடதான் இருக்கு" என்று அடித்துச் சொன்னார். உன்னைக் கூப்பிடலாமா என்று கேட்டேன், கூப்பிட்டால் மறுநாளே அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடுவாள் என்றார். சரி, நாமே பார்ப்போம் என்று நீ எழுதி வைத்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

நோட்டில் நீ கன்டெய்னரைப் பற்றி எழுதியதை நாலு தரம் படித்தேன். மென்பொருளும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமானும் ஒரே டப்பாவில் அடைத்திருக்கிறது, டப்பாவைத் தூக்கிப் போட்டுப் புது டப்பா வைக்கலாம், படங்கள் டப்பாவுக்குள் இல்லை, வெளியே டிஸ்கில் இருக்கிறது, டப்பாவுக்கு அங்கே போக ஒரு வாசல் மட்டும்தான். படித்தபோது புரிந்த மாதிரி இருந்தது. எதை எங்கே வைத்திருக்கிறாய் என்று பார்க்க அந்த அமைப்புக் கோப்பைத் திறந்தேன், அங்கேதான் வினை. ஒரு வரி ஓரத்தில் தொடங்குகிறது, அடுத்தது இரண்டு இடம் தள்ளி, அதற்கடுத்தது நாலு இடம் தள்ளி, எலி கடித்த துணி போல ஓரமெல்லாம் கோணல். கோணல் ஓரத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். அவசரத்தில் எழுதியிருக்கிறாள் பிள்ளை என்று எல்லா வரியையும் இழுத்து ஓரத்தோடு ஓரமாக நேராக்கிச் சேமித்துவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அதற்குப் பிறகு டப்பாவை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால் அந்த வெள்ளைப் பக்கமும் போய்விட்டது, டப்பா எழுந்திருக்கவே இல்லை, திரையில் மூன்றாவது வரியில் தவறு என்று திட்டு.

அப்பா ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, சிரித்தார், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும், மாத்துனத எழுதி வைக்கணும், எஞ்சினுக்கும் அதே சட்டம்தான்" என்றார். எந்த வரி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் எது எதற்குள் அடக்கம் என்று டப்பா புரிந்துகொள்ளுமாம், நல்ல வேளை, அந்தக் கோப்பை நீ அச்செடுத்து நோட்டில் ஒட்டியிருந்தாய். மறுநாள் முழுக்க அதன்மேல் என் இஞ்ச் டேப்பை விரித்து, எந்த வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்று அளந்து அளந்து, நான் நேராக்கியதையெல்லாம் நானே திரும்பக் கோணலாக்கினேன். நாற்பது வருடத் தையலில் வேண்டுமென்றே கோணல் போட்டது அதுதான் முதல் தடவை. டப்பா எழுந்தது, எழுந்து மறுபடியும் அதே வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது.

மூன்றாம் நாள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஓடல, அப்போ டேங்க்ல என்ன இருக்குன்னு பாரு" என்றார். டப்பாவின் வாசல் எந்த ஃபோல்டரைப் பார்த்துத் திறக்கிறதோ அதற்குள் போய்ப் பார்த்தேன், காலி. சர்வரில் என்னென்ன டிஸ்க் இருக்கிறது என்று கேட்கும் கட்டளை நோட்டின் ஆறாம் பக்கத்தில் இருந்தது, அடித்தேன், உன் டிஸ்கின் பெயரே வரவில்லை. விளக்கு எரிகிறது, ஆனால் டிஸ்க் இல்லை. அப்பா அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு டிஸ்கின் ஒயரைப் பிடித்து அது போகிற வழியே போனார், அது சர்வருக்குப் போகவில்லை, நாம் போனுக்குச் சார்ஜ் போடுவோமே அந்த நாலு ஓட்டைச் சார்ஜருக்குப் போனது. தூசி தட்டியபோது கழற்றி, ஓட்டை பொருந்தியது, விளக்கும் எரிந்தது என்று அதில் செருகியவர் சாட்சாத் உன் அப்பாதான். மூன்று நாள் டிஸ்க் ஜம்மென்று சார்ஜ் ஏறிக்கொண்டு இருந்திருக்கிறது. டப்பாவோ டிஸ்கைக் காணாமல், தானே ஒரு காலி ஃபோல்டரை உண்டாக்கிக்கொண்டு அதில் புதுக் குடித்தனம் தொடங்கியிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

டப்பாவை நிறுத்தி, ஒயரைச் சர்வரில் மாட்டி, டிஸ்க் பெயர் வருகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகே டப்பாவை எழுப்பினோம், இந்த வரிசையைக் கண்டுபிடித்தது நான், அதை அப்பா ஒப்புக்கொண்டார். பக்கம் திறந்தது. முதல் படமே முன்பல் இரண்டும் இல்லாமல் நீ ஈறைக் காட்டிக்கொண்டு நிற்பது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணாடியில் ஒன்றும் இல்லை. மறுநாளே இன்னொரு டிஸ்க் வாங்கி வந்து எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துவிட்டோம்.

இப்போது அப்பாவிடம்கூடச் சொல்லாத ஒன்று. முதல் நாள் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துப் பதறினேன் இல்லையா, பதறிய கையோடு எனக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. இனி இவள் வந்துதானே ஆக வேண்டும், படம் போனால் போகட்டும், பிள்ளை வருவாள் என்று. மறு நொடியே என்மேலேயே எனக்கு வெறுப்பாகிவிட்டது. படங்களுக்காக நான் மூன்று நாள் மல்லுக்கட்டுகிறேன் என்று அப்பா நினைத்தார். உன்னைத் திரும்பக் கூப்பிட ஒரு சாக்கு என் கையில் மிஞ்சிவிடக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். நீ இங்கே இல்லாதது எனக்குத் தினமும் வலிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது என் வலி, உன் வேலைக்குக் குறுக்கே அதைக் கொண்டுவந்து போட மாட்டேன். அந்த வேலைக்குச் சரி என்று எழுது கண்ணு.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும், நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. சர்வருக்குள் உன்னால் நுழைய முடியவில்லை என்று நேற்று அப்பாவிடம் கேட்டாயாமே, அவரும் "தெரியலையேம்மா" என்று நல்லபிள்ளையாகச் சொன்னாராம். பாஸ்வேர்டை மாற்றியது நான்தான். புதியது வேண்டுமென்றால் அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்ட தாளைப் படம் எடுத்து அனுப்பு, பதினோராயிரத்தோடு அதையும் சேர்த்துவிட்டுத் தருகிறேன்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா