இப்போது குஸ்கா யார், வினோத்?

என் உயிர் மச்சான் வினோத்துக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நான் ஃபைனல் இயர் வந்துவிட்டேன். எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நாம் போகும் பிரியாணிக் கடைக்கு ஏசி போட்டுவிட்டார்கள். சத்தமாகப் பேசினால் கடைக்காரர் முறைக்கிறார். நீ இருந்திருந்தால் முதல் நாளே உன்னை வெளியே அனுப்பியிருப்பார். நான் மனசாரச் சிரித்திருப்பேன்.

செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். எழுதலாம். அதற்கு முன்னால் நீ எனக்குப் பெயர் வைத்த கதையைப் பேசிவிடுவோம்.

காலேஜ் சேர்ந்த முதல் வாரம், ஆறு பேர் அந்தக் கடைக்குப் போனோம். நீங்கள் எல்லாரும் சிக்கன் பிரியாணி சொன்னீர்கள். என் பையில் இருந்ததற்கு குஸ்காதான் கிடைக்கும். கறி இல்லாத வெறும் பிரியாணிச் சோறு. நீ உன் தட்டிலிருந்து பீஸை எடுத்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இந்தா குஸ்கா, துன்னு. கறி துன்னாதவன்லாம் ஆம்பளையாடா?" என்று என் தட்டில் போட்டாய். பக்கத்து மேசையில் நம் வகுப்புப் பெண்கள் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

நான் அந்தப் பீஸைத் தின்றேன். உன் மேல் இருக்கிற கோபத்தைவிட, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதோடு போயிற்றா? போகும்போதெல்லாம் அதே கூத்து. டீக்கடையிலும் "குஸ்காவுக்கு ஒரு லைட் டீ" என்பாய். பிசிக்ஸ் மேடம்கூட ஒருநாள் அட்டெண்டன்ஸில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். லோகநாதன் என்று அப்பா வைத்த பெயர் ஹால் டிக்கெட்டில் மட்டும்தான் இருந்தது.

அப்புறம் நீ பாடி மேம்பாலத்தில் பைக்கோடு சறுக்கி விழுந்து செத்துப்போனாய். அழுதேனா என்றால், அழுதேன். ரொம்பவே அழுதேன். மூன்றாம் நாள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். நண்பர்கள் பெயரை எழுதிக் கொடுத்தவன் சதீஷ். உன் பெரிய படத்துக்குக் கீழே எங்கள் சின்னப் படங்கள். அவனுக்கு 'டயர்' சதீஷ், எனக்கு 'குஸ்கா' லோகு. அயனம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையிலும் ஒன்று ஒட்டியிருந்தார்கள். லேத்து வேலை முடித்து வந்த அப்பா அதன் முன்னால் நின்று படித்தார்.

"இன்னாடா இது, குஸ்கா?"

"சும்மா, ஃபிரெண்ட்ஸுங்க கூப்புடுறதுப்பா."

அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. செத்தும் நீ என்னை விடவில்லை.

போன மாதம் உன் அம்மா கூப்பிட்டார்கள். நெமிலிச்சேரிக்குப் போனேன். உன் முதல் வருடப் படையலுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டார்கள்.

"வெளில போனா அவன் இன்னாபா துன்னுவான்?"

"சிக்கன் பிரியாணிதாம்மா."

"அவனா? கறித்துண்டு பல்லுல பட்டாலே வாந்தி எடுப்பான்பா. சின்ன வயசுலேர்ந்து கொழம்பு மட்டுந்தான் ஊத்திக்குவான். துண்ட எடுத்து தங்கச்சி தட்டுல போட்ருவான்."

ஒன்றரை வருடம் உன் எதிரில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். நீ ஒரு துண்டைக்கூடக் கடித்து நான் பார்த்ததில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குஸ்கா வேண்டும் என்று கேட்க உனக்கு வெட்கம். அதை மறைக்க நான் தேவைப்பட்டேன். ஏன்டா, என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாமல் தட்டை மாற்றிக்கொண்டிருப்பேனே?

இந்த முறை போஸ்டர் வேலையை நானே கேட்டு வாங்கினேன். டிசைன் போடுகிறவர், "எறந்தவருக்குப் பட்டப்பேரு எதுனா போடணுமா?" என்றார்.

"போடுங்கண்ணா. குஸ்கா வினோத்."

என் படத்துக்குக் கீழே முழுப் பெயர் போடச் சொன்னேன்.

போஸ்டரைப் பார்த்த சதீஷ், "மாமே, பேரு மாறிப்போச்சு போலக் கீதே" என்றான். "மாறல" என்றேன்.

உன் அம்மாவும் படித்தார்கள். "அவனுக்குக் குஸ்காதான் புடிக்குமா? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களே அரிசி ஊறவைத்து, அவர்களே தம் போட்டு, படையலில் உன் இலை நிறைய குஸ்கா வைத்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் போஸ்டரைக் கிழிக்கப் போகவில்லை. நீ கிழித்திருப்பாயா?

அடுத்த வருடமும் வருவேன். அந்தக் கடையிலிருந்து ஒரே ஒரு பீஸ் பார்சல் வாங்கி வந்து, எல்லாரும் பார்க்க உன் இலையில் வைப்பேன். அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். நீ தின்ன வேண்டும். நான் தின்றேன் இல்லையா?

இப்படிக்கு,
உன் பீஸையெல்லாம் தின்ற மச்சான்,
அ. லோகநாதன்