ஒரே கேக்கில் நான்கு பிறந்தநாள்

நுவரெலியா
08.06.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மா,

கடிதம் என்றால் 'நான் நலம்' என்று தொடங்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். இன்று அந்த வரியை விட்டுவிடுகிறேன். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நடமாட்டம் கேட்டால் குழாயைத் திறந்துவிடுவேன்.

போனில் உங்களிடம் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. நிஷாந்தி அன்ட்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வதெல்லாம் அவர் காதுக்கு. ஷாமிலா பக்கத்து வீட்டுக்கு டியூஷனுக்கு வருகிறாள். பின்வேலியில், லீக்ஸ் பாத்திக்கு மேலாக இதை அவளிடம் கொடுப்பேன். ராகலையில் அவள் வாப்பா கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று முழுவதும் அன்ட்டியும் அங்கிளும் படம் எடுத்தார்கள். ஆகஸ்டில் குடும்பமாக எடின்பரோவைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று விசா கேட்கிறார்கள் அல்லவா, நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று காட்ட ஓர் ஆல்பம் வேண்டுமாம். முன்பக்கங்களில் ஏற்கெனவே ஒரு சின்னப் பிள்ளையின் படங்கள் ஒட்டியிருக்கின்றன. பதினொரு வயது வரைக்கும் அந்தப் பிள்ளை. அதற்குப் பிறகு நான். யார் அது என்று கேட்டேன். "சொந்தக்காரப் புள்ள. உன்னைய மாதிரியே மூக்கு, பாத்தியா?" என்றார் அன்ட்டி.

பூங்காவில் ஒரு சட்டை, அது போன வருடத்து ஏப்ரல் சீசனில் எடுத்த படமாம். ஏரிக்கரையில் இன்னொரு சட்டை, அது அதற்கு முந்தைய வருடம். இரட்டைப் பின்னல் போட்டால் எனக்குப் பன்னிரண்டு வயது. தலையை விரித்துவிட்டால் பதினைந்து. காற்றும் தூறலுமாக இருந்தது. வெயில் தலைகாட்டும் போதெல்லாம் எல்லோரும் ஓடிப் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றோம். யோகேஸ்வரன் அங்கிள், "வெறைச்சிக்கிட்டு நிக்காத, அப்பா மேல சாஞ்சி நில்லு" என்று என் தோளை இழுத்து வைத்துக்கொண்டார். அவர் கோட்டில் சிகரெட் வாடை. என் அப்பா செத்து மூன்று வருடமாகிறது. அவரோடு நான் நின்று எடுத்த படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை.

பிறகு கேக். ஒரே ஒரு கேக் வாங்கினார்கள், அம்மா. பன்னிரண்டு என்ற மெழுகுவர்த்தியைக் குத்தி ஒரு படம். வெட்டிய இடத்தைக் கத்தியால் மெழுகி மூடினார்கள். ஜன்னல் சீலையை மாற்றினார்கள், நான் சட்டையை மாற்றினேன், பதின்மூன்று. இப்படியே பதினைந்து வரைக்கும். ஒவ்வொரு தடவையும் அன்ட்டி ஒரு துண்டை என் வாயில் வைத்தார். "சிரிடி. பொறந்தநாள் புள்ளயோட மூஞ்சியா இது?" கடைசித் தடவை ஐசிங் சாம்பல் நிறமாக இருந்தது. அங்கிளின் பெருவிரல் ரேகை அதில் பதிந்திருந்தது. ஒரு முடியும் கிடந்தது. அதையும் விழுங்கினேன். பிறகு லீக்ஸ் பாத்தியில் வாந்தி எடுத்தேன்.

இங்கே வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னைப் பூரணி என்று கூப்பிடுவதில்லை. பிரியந்தி. பழக்கத்துக்காக அன்ட்டியை நாள் முழுவதும் அம்மா என்று கூப்பிட வேண்டும். சொல்லும்போதெல்லாம் தொண்டையில் அந்தக் கேக் நிற்கிறது. என்னைக் கூட்டிப் போங்கள்.

உங்கள் மகள்,
பூரணி

*

ராகலை
13.06.2025

என் செல்ல மகள் பூரணிக்கு அம்மா எழுதுவது,

உன் கடிதத்தைக் கடை வாசலிலேயே நின்று படித்தேன். மழையில் எழுத்துக் கலைந்துவிடும் என்று முந்தானைக்குள் வைத்துப் படித்தேன். இங்கே ஒரே மழை. அட்டை கடித்துக் கால் முழுவதும் தடித்திருக்கிறது. நேற்றுக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே பாதிப் பேர் நனைந்துவிட்டோம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று உன்னைப் போலவே எதற்கெடுத்தாலும் கத்துகிறது.

கேக்குக்கா அழுகிறாய்? மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டியதுதான். பேர் மாற்றுவது காகிதத்துக்காக. நிஷாந்தி என்னிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் உன்னைக் கூட்டிப் போனார். லயத்து அறைக்கே வந்து, நம் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, "எங்க புள்ள மாதிரி வச்சிக்கிறோம்" என்று சொன்னார். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது? ராசம்மா மகள் சீமைக்குப் போகிறாள் என்று லயமே பேசுகிறது. தண்ணீர்க் குழாயடியில் எனக்கு முதல் இடம் விடுகிறார்கள்.

என் கையை நீ பார்த்திருக்கிறாய். அந்தக் கை உனக்கு வேண்டாம். பொறுத்துக்கொள். அடிக்கடி எழுதாதே. ஷாமிலா சின்னப் பிள்ளை, எங்கேயாவது உளறிவிடுவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. காதைக் கட்டிக்கொண்டு படு.

அம்மா

*

நுவரெலியா
24.06.2025, இரவு

அன்புள்ள அம்மா,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் தூங்க முடியவில்லை.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு எடின்பரோப் பாடம். அங்கிள் விசா அதிகாரி மாதிரிக் கால் மேல் கால் போட்டுக் கேட்பார். "அங்க என்ன பாக்கப் போற?" கோட்டை. "கோட்டையில என்ன விசேஷம்?" பகல் ஒரு மணிக்குப் பீரங்கி சுடுவார்கள். "வேற?" நாய்ச் சிலை.

அந்த நாயின் கதையைச் சொல்லும்போது அங்கிளுக்குக் கண் கலங்கிவிடுகிறது. எசமான் செத்த பிறகு பதினான்கு வருடம் அவர் கல்லறையைவிட்டு அந்த நாய் நகரவில்லையாம். இப்போது போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அதிர்ஷ்டம் வரும் என்று சிலையின் மூக்கைத் தடவுகிறார்களாம். "நன்றின்னா அது. நாயிகிட்ட இருந்து மனுசங்க கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். அந்த நாய்க்குப் போக வேறு இடம் இருந்ததா என்று கேட்க நினைத்தேன். பயந்து தலையை ஆட்டினேன்.

டீவியில் அந்த ஊரைக் காட்டினார்கள். தரைக்குக் கீழே பழைய தெரு ஒன்று இருக்கிறது. ஒரே அறையில் ஒரு குடும்பமே இருந்ததாம், மூலையில் ஒரு வாளி. டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். அன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, இதுக்குள்ள எப்படித்தான் மனுசங்க கெடந்தாங்களோ" என்றார். டீவியில் நாற்றம் வருமா? அங்கிளும் சீ என்றார். அவர் பிறந்தது நம் கீழ் லயத்தில் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? எனக்குக் குமட்டியது அந்த அறையைப் பார்த்து அல்ல.

இன்று எடின்பரோவில் இருக்கும் அன்ட்டியின் அக்கா வீடியோவில் வந்தார். நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். "கையைத் திருப்பிக் காட்டச் சொல்லு. நகத்தக் காட்டச் சொல்லு. இருமல் கிருமல் இருக்கா?" எல்லாம் அன்ட்டியிடம்தான் கேட்டார். "மாமி படுத்த படுக்கை. நாளைக்கு எத்தன தடவ தூக்கிப் பொரட்டணும், தொடைக்கணும். இதுக்குத் தெம்பு இருக்கா?"

"கொழுந்து சுமந்த பரம்பரக்கா, தாங்கும்" என்று அன்ட்டி சிரித்தார். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய் வரச் சொன்னார்கள். போய் வந்தேன். அப்போது கமெராவில் என்னைக் காலில் இருந்து தலை வரைக்கும் காட்டினார்கள். சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல. "பரவால்ல. மொத குளிர்காலம் மட்டுந்தான் கஷ்டம், அப்புறம் பழகிரும்" என்றார் அந்த அக்கா.

பத்து நாள் பயணத்தில் குளிர்காலம் எங்கிருந்து வரும், அம்மா? எனக்குப் பெப்ரவரியில் ஓ.எல் பரீட்சை. அதற்கு நான் இங்கே இருப்பேனா? உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா? ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுத வேண்டாம். இதை மட்டும் எழுதுங்கள்.

பூரணி

*

ராகலை
29.06.2025

மகள் பூரணிக்கு,

தெரியும்.

பத்து நாள் முடிந்ததும் அவர்கள் திரும்பி வருவார்கள், நீ அங்கே நிற்பாய். இரண்டு வருடம். அதற்குள் காகிதமெல்லாம் சரி செய்து அங்கேயே படிக்க வைப்பதாக நிஷாந்தி அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். உன்னிடம் சொன்னால் நீ போக மாட்டாய் என்று சொல்லவில்லை.

கிழவியைத் தூக்கிப் புரட்டுவது வேலை. இடுப்பில் மூன்று சுற்றுச் சாக்கைக் கட்டிக்கொண்டு மழையில் மலை ஏறுவதும் வேலைதான். எது கூரைக்குக் கீழே செய்வது, சொல். இங்கே பரீட்சை எழுதிய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? அடுத்த நிரையில் என்னோடு கொழுந்து பறிக்கிறார்கள்.

என்னை வெறுத்தாலும் சரி. வெறுத்துக்கொண்டு அங்கே இரு.

அம்மா

*

நுவரெலியா
07.07.2025, இரவு

அம்மா,

அரிசி மூட்டையை மறுபடியும் உள்ளறையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். மூட்டைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று சுவரைப் பார்த்தபடி நின்றது. திருப்பினேன். ஆல்பத்தின் முன்பக்கங்களில் இருக்கும் அதே பிள்ளை. காய்ந்த மாலை, கண்ணாடியில் குங்குமம். கீழே பெயர், பிறந்த நாள், நான்கு வருடங்களுக்கு முன்னால் இறந்த நாள்.

பிரியந்தி என்று ஒருத்தி உண்மையிலேயே இருந்திருக்கிறாள், அம்மா. இவர்களுடைய மகள். அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை வைத்துத்தான் எனக்குப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறார்கள்.

திரும்பினால் அன்ட்டி நிற்கிறார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தார்.

"எம் புள்ள பேரு சும்மாதானே கெடக்கு" என்றார். "நீ போட்டுக்கிட்டா என்ன?"

"ஒன்னாலதான் ஒரு மாசமா அவளுக்கு வெளக்கு வைக்க முடியல. வீட்டுக்கு விசாரிக்க யாராச்சும் வந்து பாத்துட்டா?" என்று படத்தை மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு அதே கையால் என் கன்னத்தைத் தடவினார். கொஞ்சம் அழுதார்கூட. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கை பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தோல் எரிகிற வரைக்கும்.

அந்தக் கேக் அவளுடையது. அவள் வாழாமல் போன நான்கு வருடங்களை வெட்டி என் வாயில் ஊட்டினார்கள். அவள் அப்பா மேல் சாய்ந்தேன். அவள் அம்மாவை அம்மா என்றேன். அங்கே போய்விட்டால் பூரணி என்று ஒருத்தி வந்ததாக எந்தக் காகிதத்திலும் இருக்காது. எனக்கு ஏதாவது ஆனால், ஏற்கெனவே செத்தவள்தானே என்று விட்டுவிடலாம்.

அன்ட்டியை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. அங்கிளை நினைத்தாலும். உங்கள் கடிதத்தை மடித்து உள்ளே வைக்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கொழும்பில் விசா அலுவலகத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே பெயர் கேட்பார்கள். பூரணி, ராசம்மாவின் மகள் என்று சொல்லப் போகிறேன். சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று தெரியாது. பாஸ்போர்ட்டில் இருப்பது என் முகம், என் கைரேகை. என்னைத்தான் பிடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில் வேண்டாம்.

பூரணி

*

ராகலை
09.07.2025, புதன்

பூரணி,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. ஷாமிலா இன்று மாலையே உன் கையில் தந்துவிடுவாள். படித்ததும் அடுப்பில் போடு.

உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தது. காய்ச்சலில் போய்விட்டது. இதை உனக்கு நான் சொன்னதில்லை. பேரும் வைத்திருந்தோம். நீ பிறந்தபோது உன் அப்பா, அந்தப் பேரையே இவளுக்கு வைத்துவிடுவோம், நல்ல பேர், சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டார். நிஷாந்தி சொன்ன அதே வார்த்தை. நான் மாட்டேன் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அது அவளுடையது. அதை எடுத்து இன்னொரு பிள்ளைக்குப் போட்டால் இரண்டு பேரும் இல்லாமல் போவார்கள் என்று எனக்கு இருந்தது. பூரணி என்ற பேர் நம் வகையில் யாருக்கும் கிடையாது. தேடி வைத்தேன்.

பிரியந்தி என்பது காகிதத்துக்காகச் சும்மா எழுதுகிற ஒரு பேர் என்றுதான் நிஷாந்தி என்னிடம் சொன்னார். உன் உழைப்பை இரண்டு வருடம் கொடுக்கத் துணிந்தவள் நான். அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் செத்த பிள்ளையின் பேரில் உன்னை வாழக் கொடுக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவர் கொண்டுவந்த பிஸ்கட் டின்னில் மிளகாய் போட்டு வைத்திருந்தேன். இன்று மிளகாயோடு சேர்த்து வீசிவிட்டேன். தொடவே முடியவில்லை.

நாளைக்குப் போயா விடுமுறை, பெரட்டு இல்லை. முதல் பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்குள் வர மாட்டேன். அவர்கள் வீட்டுத் தண்ணீர்கூட எனக்கு இறங்காது. ரோட்டில் நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்க்கும்படி கூப்பிடுவேன். மேல் மலையில் நிற்பவர்களைக் கீழே இருந்து கூப்பிட்ட தொண்டை இது. உடுப்பு ஒன்றும் எடுக்காதே. பின்னாலிருந்து பிரியந்தி, பிரியந்தி என்று கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்காதே. பாஸ்போர்ட்டைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. உன் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் போய்க் கேட்போம். பிடிப்பதென்றால் முதலில் என்னைப் பிடிக்கட்டும், உன்னை அனுப்பியவள் நான்.

என் மேல் இருக்கிற அருவருப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொள். ராகலை வரைக்கும் நான் பேச மாட்டேன்.

ராசம்மா